வார இறுதியில் நாலு படம்

(சங்கத்தின் மாதாந்திரச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் செயலாளர், "சார், பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்கள், ஆனால் டெபாசிட் வட்டி மட்டும் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்கு சினிமா. போன வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை நானும் என் வீட்டம்மாவும் டி.வி. முன்னால் உட்கார்ந்து நாலு படம் பார்த்தோம். அதைப் பற்றித்தான் பேச்சு. நான் விமர்சகன் கிடையாது. கேமரா கோணம், திரைக்கதை உத்தி எல்லாம் நம் ஏ பிளாக்கில் இருக்கும் விஸ்காம் பிள்ளைகளைக் கேளுங்கள். பி.காம். படித்துவிட்டு ஆயுசு பூராவும் பேங்கில் லெட்ஜர் எழுதிய ஆளுக்குப் படத்தில் எது கண்ணில் படுமோ அதைத்தான் சொல்வேன்.

வீட்டில் படம் பார்ப்பது சுலபம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. தியேட்டரில் காசு கொடுத்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டோம். வீட்டில் குக்கர் கூப்பிடுகிறது, கேஸ் சிலிண்டர் வருகிறது, கூரியர்காரர் கீழேயிருந்து போன் பண்ணுகிறார், வாட்ஸ்அப் குரூப்பில் "லாரித் தண்ணி வந்தாச்சா" என்று 14 பேர் கேட்கிறார்கள். ஒரு படத்தை முடிப்பதற்குள் ஏழு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது. என் பேரன் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறான். "தாத்தா, கதை தெரிஞ்சா போதாதா?" என்கிறான். அவனுக்குப் பதில் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளி ராத்திரி ‘காதலிக்க நேரமில்லை’. 1964-இல் ஸ்ரீதர் எடுத்தது, கலர் படம். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. எல்லோரும் நாகேஷ், நாகேஷ் என்கிறார்கள். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிற இடம் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். இந்தத் தடவை நான் நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்தேன். அந்த மனிதர் ஒன்றுமே செய்வதில்லை. கதை கேட்கிறார், அவ்வளவுதான். கேட்கக் கேட்க அந்த முகம் என்ன பாடு படுகிறது! நாகேஷ் போடுவது பந்து, பாலையாதான் சுவர். சுவர் சரியில்லையென்றால் பந்து திரும்பி வராது. அடுத்த தடவை நீங்களும் அப்படிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பேங்க்காரன் என்ற முறையில் ஒரே ஒரு ஆட்சேபணை. இவ்வளவு பெரிய எஸ்டேட் முதலாளி, மாப்பிள்ளையின் அப்பா பெரிய பணக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒட்டுத் தாடியோடு வந்து நின்றால் ஒரு கே.ஒய்.சி. கூடக் கேட்காமல் நாற்காலி போடுகிறார். கேட்டிருந்தால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்பதும் உண்மைதான்.

சனிக்கிழமை காலை டிபன் முடித்துவிட்டு ‘எதிர்நீச்சல்’. 1968, கே. பாலசந்தர் தன்னுடைய நாடகத்தையே படமாக்கினார். இது அபார்ட்மென்ட்காரர்கள் பார்க்க வேண்டிய படம். அந்தக் கால அபார்ட்மென்ட் அது, ஒண்டுக்குடித்தனம். ஒரே வீட்டுக்குள் பல குடும்பங்கள். மாடிப்படிக்குக் கீழே மாது என்ற அநாதைப் பையன், நாகேஷ். எல்லா வீட்டு எடுபிடி வேலையும் செய்துவிட்டு, அவர்கள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டு, காலேஜிலும் படிக்கிறான். சௌகார் ஜானகியும் ஸ்ரீகாந்தும் பட்டு மாமி, கிட்டு மாமாவாக வந்து போகிறபோதெல்லாம் என் வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். காரணம் கேட்கவில்லை.

அந்தப் படத்தில் இருமல் தாத்தா என்று ஒருவர் வருகிறார். வருகிறார் என்று சொல்வது தப்பு, வரவே மாட்டார். கடைசி வரை முகம் காட்டாமல் இருமல் சத்தத்தை மட்டும் வைத்து ஒரு ஆளை உண்டாக்கிவிட்டார் பாலசந்தர். நம் பிளாக்கிலும் அப்படித்தானே? எனக்கு மேல் வீட்டில் இருப்பவர்களை நான் முகம் பார்த்து மூன்று மாதம் இருக்கும். ஆனால் நாற்காலி இழுக்கும் சத்தத்தை வைத்து மணி என்ன என்று சொல்லிவிடுவேன். படத்தின் பிற்பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, நாடக வாடை தூக்கலாக இருக்கிறது, எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசுகிறார்கள். மாதுவுக்காக உட்கார்ந்து பார்க்கலாம்.

சனி ராத்திரி ஓர் அமெரிக்கப் படம், ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’. 1957. சிட்னி லூமெட் இயக்கிய முதல் சினிமா, கறுப்பு வெள்ளை, 96 நிமிஷம். ஆங்கிலம் என்று பயப்படாதீர்கள், கீழே எழுத்து போடுகிறார்கள், தவிர ஒரே அறைக்குள் நடக்கிற கதை, தொலைந்துபோக வழியில்லை. அப்பாவைக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் ஒரு அறைக்குள் அடைபட்டு ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும். புழுக்கம், மின்விசிறி ஓடவில்லை. பதினோரு பேர் குற்றவாளி என்று கை தூக்கிவிட்டார்கள். ஒருவர், ஹென்றி ஃபோண்டா, மாட்டேன் என்கிறார். அவன் நிரபராதி என்றும் அவர் சொல்லவில்லை. ஓர் உயிர் விஷயம், ஐந்து நிமிஷத்தில் முடிக்காமல் கொஞ்சம் பேசலாமே என்கிறார். இன்னொருவருக்கு பேஸ்பால் ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது, சீக்கிரம் முடிந்தால் போதும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் பொதுக்குழு ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு வாசித்து முடித்ததும், "ஏதாவது கேள்வி உண்டா" என்று தலைவர் கேட்கிறபோது பாதிப் பேர் எழுந்து செருப்புத் தேடிக்கொண்டிருப்போம். அப்போது ஒருவர் கையைத் தூக்கினால் அவரை நாம் என்ன பார்வை பார்க்கிறோம்! அந்தப் பார்வையைத்தான் லூமெட் ஒன்றரை மணி நேரம் படம் பிடித்திருக்கிறார்.

சாட்சி சொன்ன பெண்மணிக்கு மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு இருந்தது, படுக்கையில் படுத்திருந்தவள் கண்ணாடி இல்லாமல் எதிர்க் கட்டடத்தில் நடந்ததை எப்படிப் பார்த்தாள் என்று ஒரு கட்டம் வருகிறது. அதைக் கவனித்துச் சொல்பவர் அங்கே இருப்பவர்களிலேயே வயதான மனிதர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டம்மா மட்டும், "பன்னிரண்டு பேர்ல ஒரு பொம்பளையும் இல்லையே! இருந்திருந்தா அந்தத் தழும்பை முதல் நாளே பார்த்திருப்பா" என்றாள். இதுவரை அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். நம் நாட்டில் ஜூரி முறை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கதை நமக்குப் புரிகிறது. பாசு சாட்டர்ஜி இதையே 1986-இல் ‘ஏக் ருக்கா ஹுவா ஃபைஸ்லா’ என்று இந்தியில் எடுத்தார், அதுவும் நன்றாகவே இருக்கும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உண்மையில் இதைப் பேசத்தான் வந்தேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988.

முடிவைச் சொல்லித்தான் பேச முடியும். பார்க்காதவர்கள், பார்க்கும் உத்தேசம் உள்ளவர்கள் ஐந்து நிமிஷம் வெளியே போய் காபி குடித்துவிட்டு வரலாம். யாரும் போகவில்லை. சரி.

சுதா என்று ஒரு பெண், ஆபீஸ் வேலை பார்க்கிறவள். அர்ச்சனா நடித்திருக்கிறார், இதற்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. தங்கை ஒருத்தி, தாத்தா ஒருவர். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், இடிக்கப் போகிறார்களாம். வீடு தேடி அலைகிறார்கள், கட்டுப்படியாகவில்லை. தாத்தா பேரில் நிலம் இருக்கிறதே, வீடு கட்டினால் என்ன என்று கூட வேலை பார்க்கிறவர் யோசனை சொல்கிறார். அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. பின்னணியில் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இசை. பாலு மகேந்திராவே கேமரா, அவரே எடிட்டிங். தன்னுடைய அம்மா வீடு கட்டிய அனுபவம்தான் இந்தப் படத்துக்கு விதை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஒரு விஷயம் யோசியுங்கள். எண்பதுகளில் சென்னையில் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழும்ப ஆரம்பித்தன. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடம் மாதிரி. இந்த இடத்தில் முன்னால் ஓட்டு வீடு ஒன்று இருந்தது என்று நம் பால்காரர் சொல்வார். அதில் யாராவது வாடகைக்கு இருந்திருப்பார்கள். படம் பார்க்கும்போது நாம் சுதா பக்கம் இருக்கிறோம். ஆனால் கணக்குப்படி நாம் வந்து குடியேறியது, அவளைப் போன்றவர்கள் காலி செய்த இடத்தில்தான்.

அடுத்தது பணம். இன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர் போன் பண்ணி வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. வீட்டுக் கடனுக்கென்றே ஹெச்.டி.எஃப்.சி. தொடங்கியது 1977-இல். தேசிய வீட்டு வசதி வங்கி வந்ததே 1988-இல், இந்தப் படம் வந்த அதே வருஷம். மாதச் சம்பளக்காரர்கள் பி.எஃப்., ஆபீஸ் சொசைட்டி, மனைவி நகை, தெரிந்தவர் கைமாற்று என்று நாலு இடத்தில் கிள்ளிச் சேர்த்துத்தான் கட்டினார்கள். சுதாவும் அதையே செய்கிறாள். ஒரு மனையை விற்கிறாள், கடன் வாங்குகிறாள், போதவில்லை. கடன் தருகிறேன் என்று சொல்லும் மேலதிகாரி ஒருவர் அதற்கு என்ன விலை கேட்கிறார் என்பதையும் படம் சொல்கிறது, ஒரு வார்த்தை அதிகமில்லாமல். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற கோபி, பானுசந்தர், தன் தங்கைகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறான். இந்த இடத்தில் என் வீட்டம்மா, "இவன் வீட்ல இதுக்கப்புறம் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டாள். படத்தில் அதற்குப் பதில் இல்லை.

எங்கள் கிளையில் நான் கடன் பிரிவில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். கட்டுமானக் கடனை மொத்தமாகக் கொடுக்க மாட்டோம். பேஸ்மட்டம் வந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, மேல்தளம் கான்கிரீட் போட்டால் ஒரு தவணை. ஒவ்வொன்றுக்கும் அதிகாரி நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட டீச்சர் மதியம் கவுன்டர் மூடுகிற நேரத்துக்கு வந்து நின்றார். மறுநாள் விடியற்காலை கான்கிரீட், ஆள், மிக்சர் எல்லாம் சொல்லியாகிவிட்டது, பணம் வரவில்லை. பார்வையிட வேண்டிய அதிகாரி லீவு. அந்த அம்மா அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. கையிலிருந்த மஞ்சள் பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக நின்றார். மேனேஜர் தானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார் என்பது வேறு விஷயம். படத்தில் மழை வந்து வேலை நிற்கும்போது அர்ச்சனா நிற்கிற நிலை இருக்கிறதே, அது அப்படியே அந்த டீச்சர் நின்ற நிலை.

பேரனுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தப் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒரு பெண் வீடு கட்டினாள், பிரச்சனை வந்தது. ஒரு வரி. காத்திருப்பதுதான் கதையே. செங்கல் வரக் காத்திருப்பது, மழை நிற்கக் காத்திருப்பது, அதிகாரி சீட்டுக்கு வரக் காத்திருப்பது. காத்திருப்பை வேகமாக ஓட்டினால் அது காத்திருப்பே இல்லை.

தாத்தா பாத்திரத்துக்கு வருகிறேன். சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக நடிகர். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வருகிறார். பூச்சு இல்லாத சுவரைத் தடவிப் பார்க்கிறார், அறை அறையாகப் போகிறார். வசனம் இல்லை. அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்கவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் போய்விடுகிறார். நம்மில் பல பேருக்கு, புதுமனைப் புகுவிழாவுக்கு இருக்க வேண்டிய ஒருவர் இல்லாமல் போன கதை இருக்கும். இந்தக் காட்சி முடிந்ததும் எங்கள் வீட்டில் தானாகவே ‘பாஸ்’ அழுத்தினோம். அந்த ஏழு தடவையில் இது ஒன்றுதான் குக்கருக்காக இல்லை.

கடைசியில், வீடு ஏறக்குறைய எழும்பிய பிறகு, குடிநீர் வாரியத்திலிருந்து வந்து இது நாங்கள் எடுத்துக்கொண்ட நிலம் என்கிறார்கள். ஒரு துறை வரைபடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது, இன்னொரு துறை கட்டியிருக்கவே கூடாது என்கிறது. கோர்ட்டில் காத்திருக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

இது நடக்குமா என்று சிலர் கேட்பார்கள். கடன் கொடுத்தவர்கள் வக்கீல் கருத்து வாங்கியிருக்க மாட்டார்களா, வில்லங்கம் போட்டிருக்க மாட்டார்களா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வில்லங்கச் சான்று என்பது பதிவாளர் ஆபீசில் பதிவான பத்திரங்களின் பட்டியல். விற்றது, அடமானம் வைத்தது எல்லாம் அதில் வரும். அரசாங்கம் நிலம் எடுப்பதாக கெஜட்டில் போடும் அறிவிப்பு அதில் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். இங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் ஊருக்கு வெளியே மனை வாங்குவதாக இருந்தால், வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று புரோக்கர் சொன்னதோடு நிற்க வேண்டாம். நிலம் எடுப்பு ஏதாவது உண்டா என்று தாலுகா ஆபீசிலும் கேட்கச் சொல்லுங்கள். செயலாளர் வட்டி வேண்டாம் என்றுதான் சொன்னார், வில்லங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொருத்தியைச் சொல்லாமல் விட்டால் படத்தைச் சொன்னதாகாது. மங்கம்மா, சித்தாள். காண்ட்ராக்டர் ஆட்கள் சிமென்ட் மூட்டைகளைக் கடத்துகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது அவள்தான். படித்த சுதாவுக்குத் தெரியவில்லை, கோபிக்குத் தெரியவில்லை. காண்ட்ராக்டர் வேலையைப் போட்டுவிட்டுப் போனபிறகு, நாம் கட்டுவோம் என்று தைரியம் கொடுப்பதும் அவள். அந்த வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருக்கப் போகாதவள் அவள்.

நம் வளாகத்தில் இரண்டு மாதமாக வெளிச்சுவர் வேலை நடக்கிறது. மதியம் அந்தப் பெண்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? மோட்டார் ரூம் பக்கத்தில், டூவீலர்களுக்கு நடுவில். கீழ்த்தளத்தில் பொதுக் கழிப்பறை இருக்கிறது. பூட்டி, சாவி ஆபீசில் இருக்கிறது. சாவி கேட்டால் தருவோம் என்கிறார் மேனேஜர். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை சாரத்தில் நிற்கிற பெண் ஆபீசுக்கு வந்து ஓர் ஆண்பிள்ளையிடம் சாவி கேட்பாளா? சுத்தமாக வைக்க மாட்டார்கள் என்று போன கூட்டத்தில் சொன்னார்கள். அதற்கு மாதம் எவ்வளவு கூடுதல் செலவாகும் என்று நான் கணக்குப் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன், பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு டீ விலைகூட வரவில்லை. இதைத் தீர்மானமாக இன்றைக்கே வைக்கிறேன். பதினோரு பேர் எதிராகக் கை தூக்கினாலும் பரவாயில்லை, பேசலாம். எனக்கு பேஸ்பால் டிக்கெட் எதுவும் இல்லை.

படத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை, அழிந்துவிட்டது என்று பாலு மகேந்திராவே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். அவர் 2014-இல் காலமானார். இணையத்தில் நான் பார்த்த பிரதி சுமார்தான், நிறம் மங்கி, சத்தம் கொஞ்சம் இரைச்சலோடு இருந்தது. அதே சொக்கலிங்க பாகவதரை வைத்து அவர் அடுத்து எடுத்த ‘சந்தியா ராகம்’ படத்தை வரும் மாதம் இந்த ஹாலிலேயே எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ப்ரொஜெக்டர் இருக்கிறது, ஸ்பீக்கர் வயர்தான் போன பொங்கல் விழாவிலிருந்து காணவில்லை. எடுத்துப் போனவர்கள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டால் போதும், பெயர் கேட்க மாட்டோம்.